தோற்பையின் கைப்பிடி

ஒரு பையின் உறுப்புகளுள் மிகுதியாக உழைப்பது அதன் கைப்பிடியே. பையினுள் வைத்த பொருள் சிறிதாயினும் பெரிதாயினும், அத்தனை சுமையும் வந்து தங்கும் இடம் கைப்பிடியாகும். பையைத் தூக்கும்போதெல்லாம் அது இழுபடுகிறது. கீழே வைக்கும்போதெல்லாம் தளர்கிறது. கையின் வியர்வையும் வெயிலும் மழையும் அதனையே முதலில் தாக்குகின்றன. ஆதலின் நல்ல தோற்பை ஒன்று பழுதுபடத் தொடங்குமாயின், அப்பழுது பெரும்பாலும் கைப்பிடியிலேதான் தோன்றும். உடல் உறுதியாக இருந்தும் கைப்பிடி அறுந்த பை, அச்சு முறிந்த வண்டியைப் போன்றது.

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் லால்குடி என்னும் ஊர் உள்ளது. திருத்தவத்துறை என்பது அதன் பழம்பெயர். நெல்லும் வாழையும் செழித்து வளரும் கழனிகள் சூழ்ந்த ஊர் அது. காலை வேளையில் அவ்வூர் ரயில் நிலையத்தை நோக்கினால், திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர், அலுவலர், வணிகர், கல்லூரி மாணவர் ஆகியோரைக் காணலாம். அவர்கள் கையில் பை இல்லாமல் இருப்பது அரிது. நூல்களும் கணக்கேடுகளும் நண்பகல் உணவும் முதியோர்க்குரிய மருந்துகளும் அப்பைகளுள் இருக்கும். வண்டியேறும் விரைவில் ஒருவருடைய பையின் கைப்பிடி அறுந்துவிட்டால், அவருடைய ஒரு நாள் உழைப்பே சிதறிவிடும். அத்தகையவர் மாலையில் நாடிச் செல்லும் இடம் கடைத்தெருவின் ஓரத்தில், மரநிழலில் அமர்ந்து தோல் தைக்கும் தொழிலாளியிடமாகும். சில சிறு கருவிகளைக் கொண்டு அவர் செய்யும் வேலை எளியது போலத் தோன்றும். அதனுள் அடங்கிய அறிவோ பெரிது.

தோல் தைக்கும் தொழில் தமிழகத்துக்குப் புதியதன்று. தோலைத் தைப்போரைப் பழந்தமிழர் துன்னர் என்று வழங்கினர். துன்னம் என்பது தையலைக் குறிக்கும் சொல். காவிரிப்பூம்பட்டினத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த கைவினைஞரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம், பொற்கொல்லரோடும் துணி தைப்போரோடும் தோல் தைப்போரையும் சேர்த்துக் கூறுகிறது. புறநானூற்றின் 82-ஆம் பாட்டு இதனினும் வியப்பானது. உறையூரை ஆண்ட தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர்த்திறத்தைச் சாத்தந்தையார் என்னும் புலவர் அதில் பாடுகிறார். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்கு மகப்பேற்று வேளை, மழையோ பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் தோல்வாரால் கட்டில் பின்னுகின்ற ஒரு தொழிலாளியின் கை ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ, அவ்வளவு விரைவுடையதாயிற்று அம்மன்னனின் போர் என்பது அப்பாட்டின் கருத்து. அக்காலச் சமுதாயம் அத்தொழிலாளியைத் தாழ்ந்தவன் என்றே எண்ணியது. ஆயினும் ஒரு வேந்தனின் வீரத்தை அளப்பதற்குப் புலவருக்கு அவன் கை ஊசியே அளவுகோலாக அமைந்தது. அவ்வுறையூர் இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாக விளங்குகிறது.

தைப்பதற்கு முன் தோல் பதப்படுத்தப்பெற வேண்டும். விலங்கின் பச்சைத்தோல் ஈரமாக இருப்பின் அழுகும். உலர்ந்தால் பலகைபோல் விறைக்கும். சில மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புப்பொருள் தோலின் நார்களோடு கலந்து பிணையும்போது, அழுகாமலும் விறைக்காமலும் இருக்கும் தன்மை தோலுக்கு வாய்க்கிறது. தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டன. இவ்வாறு பதப்படுத்திய தோல் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரோடு கடல் கடந்து இலண்டன் சந்தை வரை சென்றது. திருச்சிராப்பள்ளியை அடுத்த செம்பட்டு, திண்டுக்கல், ஈரோடு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலால் பெயர் பெற்றன. குரோமிய உப்பினால் விரைவாகப் பதப்படுத்தும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சென்னைக்கு வந்தது. தோலைப் பற்றிய ஆராய்ச்சிக்கென மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்டது.

இனிக் கைப்பிடியின் அமைப்பை நோக்குவோம். கைப்பிடி ஏன் உருண்டையாக இருத்தல் வேண்டும்? மெல்லிய தோல்வார் ஒன்றே சுமையைத் தாங்க வல்லதாயின், அதனைச் சுருட்டித் தைக்கும் உழைப்பு எதற்கு? இவ்வினாவுக்கு விடை உள்ளங்கையில் இருக்கிறது. ஒரு பை 6 கிலோகிராம் எடையுள்ளது என்று கொள்க. அதனைப் பற்றும் விரல்களின் மொத்த அகலம் 8 செண்டிமீட்டர். மெல்லிய வாரானது சுமையால் மடிந்து, 3 மில்லிமீட்டர் அகலமே கையில் அழுந்துமாயின், சுமை தாங்கும் பரப்பு 2.4 சதுர செண்டிமீட்டர்தான். அப்போது ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரிலும் 2.5 கிலோகிராம் சுமை அழுந்துகிறது. உருண்டையான பிடியில் அழுந்தும் அகலம் 12 மில்லிமீட்டர் ஆகுமாயின், பரப்பு நான்கு மடங்காகிறது. அழுத்தமோ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. பையின் எடை குறையவில்லை. கையின் வலி குறைந்துவிட்டது. இதுவே உருண்டைப் பிடியின் பயன்.

தோலை வெறுமனே குழாய்போல் சுருட்டித் தைத்தால், அக்குழாய் சில நாட்களில் நசுங்கித் தட்டையாகிவிடும். அவ்வாறு நசுங்காமல் காப்பதற்கே அதனுள் ஒரு கயிறு வைக்கப்படுகிறது. பருத்திக் கயிறோ சணற்கயிறோ இதற்கு ஏற்றது. கயிறு இறுக முறுக்கப்பட்டதாகவும் எங்கும் ஒரே பருமனுடையதாகவும் இருத்தல் வேண்டும். இங்கே அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு. கைப்பிடியினுள் இருக்கும் கயிறுதான் பையின் சுமையைத் தாங்குகிறது என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. கயிறு பெரும்பாலும் பிடியின் இரு முனைகளுக்கும் முன்பாகவே நின்றுவிடுகிறது. சுமையை இழுத்துப் பிடிப்பவை தோலும் தையலும் ஆகும். கயிறு தாங்குவது தோலின் வடிவத்தை. வடிவம் கெடாது இருந்தால்தான் சுமை ஓரிடத்திலேயே குவியாமல் எங்கும் பரவும். எனவே கண்ணுக்குப் புலப்படாத கயிறு, கண்ணுக்குப் புலப்படும் தோலை நெடுங்காலம் வாழச் செய்கிறது.

கைப்பிடிக்குரிய தோலைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. விலங்கின் முதுகுப்புறத்துத் தோல் நெருக்கமான நார்களை உடையது, எளிதில் நீளாது. வயிற்றுப்புறத்துத் தோல் தளர்ந்தது, இழுத்தால் நீண்டுவிடும். ஆதலின் கைப்பிடிக்கு முதுகுப்புறத் தோலையே, முதுகெலும்பு செல்லும் திசையில், நீளவாக்கில் வெட்டிக்கொள்வர். விலை குறைவு கருதி வயிற்றுப்புறத் தோலில் வெட்டிய பிடி, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சில திங்களில் நீண்டு தொங்கும்.

அடுத்தது அளவு. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கயிற்றின்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலைச் சுற்ற வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். தோலின் நடுப்பகுதி அமையும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதனை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் ஆகும். இரு விளிம்புகளையும் சேர்த்துத் தைப்பதற்குப் பக்கத்துக்கு 6 மில்லிமீட்டராக 12 மில்லிமீட்டர் விட வேண்டும். ஆகத் தோலின் அகலம் 48 மில்லிமீட்டர். வகுப்பறையில் வட்டத்தின் சுற்றளவைப் பற்றிப் படிக்கும் பாடம் இங்கே கத்திமுனையில் வேலை செய்கிறது. எனினும் கணக்கை மட்டும் நம்பித் தோலை வெட்டுவதில்லை. கழித்துப்போட்ட தோல் துண்டொன்றைக் கயிற்றின்மேல் சுற்றிப் பார்த்து, அளவு சரியாயின் அதன்பின் வெட்டுவதே கைதேர்ந்தோர் வழக்கம்.

வெட்டிய தோலின் விளிம்புகளை உட்புறத்தில் சற்றுச் சீவி மெலிதாக்குவர். இல்லையேல் இரு விளிம்புகளும் சேரும் இடம் தடித்துக் கையை உறுத்தும். பட்டையால் பதப்படுத்திய தோலாயின் அதனைச் சிறிது நீரால் நனைத்து இளக்குவர். பின்னர்க் கயிற்றை நடுவில் வைத்து, தோலை இறுகச் சுற்றி, விளிம்புகளைப் பசையிட்டு ஒட்டுவர். கயிற்றின் இரு முனைகளும் வெட்டிய நிலையில் மொட்டையாக இருத்தல் ஆகாது. முனையின் இழைகளைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கூம்பச் செய்தால்தான், உருண்டைப் பகுதி படிப்படியாகத் தட்டையாகிப் பையோடு பொருந்தும். மொட்டையாக விட்டால் அவ்விடத்தில் தோல் திடீரென மடிந்து, மடிப்பிலேயே வெடிக்கும்.

ஒட்டும்போதே கைப்பிடிக்கு வளைவும் தந்துவிட வேண்டும். இதற்கும் காரணம் உண்டு. 10 செண்டிமீட்டர் ஆரமுள்ள அரைவட்டமாகக் கைப்பிடி வளைகிறது எனில், அதன் நடுக்கோடு ஏறத்தாழ 31 செண்டிமீட்டர் நீளமிருக்கும். பிடியின் மொத்தப் பருமன் 13 மில்லிமீட்டர் ஆதலால், வளைவின் வெளிப்புறம் உட்புறத்தைவிட ஏறத்தாழ 4 செண்டிமீட்டர் நீண்டுவிடும். நேராக வைத்து ஒட்டித் தைத்த பிறகு வளைத்தால், உட்புறம் சுருங்க இடமின்றிச் சுருக்கம் சுருக்கமாக மடியும். வளைத்துக்கொண்டே ஒட்டினால் தோல் தானே இசைந்து கொடுக்கும். தையல் பெரும்பாலும் வளைவின் உட்புறத்தில், பையின் வாயை நோக்கி அமையும். தூக்குபவரின் விரல்கள் அழுந்துவதும் அப்பக்கத்தில்தான். எனவே கண்ணில் படாத அப்பகுதியையே மிகுந்த கருத்தோடு வழவழப்பாக்க வேண்டியுள்ளது.

தையலுக்கு வேண்டிய கருவிகள் சிலவே. கவராயத்தைக் கொண்டு கயிற்றை ஒட்டினாற்போல் தையற்கோடு ஒன்று கீறப்படும். அக்கோட்டின்மேல் 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளியிட்டு, குத்தூசியால் துளையிடுவர். துளைகள் மிக நெருங்கினால், அஞ்சல்தலைத் தாளில் உள்ள துளைவரிசைபோல் தோல் அவ்வழியே கிழிந்துவிடும். மிக விலகினால் தையலுக்கு இடையே தோல் வாய் பிளக்கும். தைக்கும் நூல் தையற்கோட்டைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளம் இருக்க வேண்டும். அதனைத் தேன்மெழுகில் இழுத்து எடுப்பர். மெழுகு பூசிய நூல் துளையில் எளிதாக வழுக்கிச் செல்லும். இழுத்த பின் தளராமல் பற்றிக்கொள்ளும். நீரால் விரைவில் இற்றுப்போகாது.

இத்தொழிலின் உயிர்நிலை இரட்டை ஊசித் தையல் ஆகும். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊசி கோக்கப்படும். வேலையை முழங்கால்களுக்கு இடையே மர இடுக்கியில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஊசியை வலமிருந்தும் மற்றோர் ஊசியை இடமிருந்தும் செலுத்தி, இரு கைகளாலும் ஒருங்கே இழுத்து இறுக்குவர். சிலர் கொக்கிமுனையுள்ள குத்தூசியால் நூலை மாட்டி இழுப்பதும் உண்டு. நூலின் இரு முனைகளும் ஒவ்வொரு துளையையும் முழுமையாகக் கடந்து சென்றால் பயன் ஒன்றே.

பொறித்தையலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. தையற்பொறியில் மேல்நூல் மேற்புறத்திலேயே ஓடுகிறது. கீழ்நூல் கீழ்ப்புறத்திலேயே ஓடுகிறது. இரண்டும் துளையினுள் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்று ஓரிடத்தில் அறுந்து இழுபட்டால், மற்றதற்குப் பற்றுக்கோடு இல்லாமல் தையல் வரிசையாகப் பிரியத் தொடங்கும். இரட்டை ஊசித் தையலிலோ இரு நூல்களும் ஒவ்வொரு துளையிலும் பக்கம் மாறிச் செல்கின்றன. ஒன்று தேய்ந்து அறுந்தாலும் மற்றொன்று தன் வழியே முழுத் தையலையும் தாங்கி நிற்கும். பொறியின் விரைவு பெரிது. பைகளை மலிவாகவும் மிகுதியாகவும் ஆக்குவதற்கு அது வேண்டுவதே. எனினும் மிகுந்த இழுப்பைத் தாங்கும் இடங்களில் கைத்தையலைச் சிறந்தது எனக் கைவினைஞர் போற்றுவது இக்காரணம் பற்றியே. மேலே கூறிய அளவுள்ள ஒரு கைப்பிடியில் 70-க்கு மேற்பட்ட துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் இருமுறை ஊசி செல்வதால், ஒரு பையின் இரு கைப்பிடிகளும் முடிவதற்குள் ஊசி 280 முறைக்கு மேல் தோலைக் கடக்கும். அவற்றுள் ஓர் இழுப்புத் தளர்ந்தாலும் பின்னர் அவ்விடமே குறையாகக் காட்டும். தையல் முடிந்ததும் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுவர். விளிம்பைச் சீராகச் சீவி, ஈரப்படுத்தி, மரத்துண்டால் தேய்த்து மெருகேற்றுவர்.

இறுதியாக, கைப்பிடியின் தட்டையான முனைகள் பையின் உடலோடு இணைக்கப்படும். அறுந்துபோகும் பிடிகள் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை; இம்முனைகளிலேயே அறுகின்றன. சுமையின் இழுப்பு முழுவதும் திரண்டு சேரும் இடம் அதுவாகும். எனவே பையின் உட்புறத்தில் மற்றொரு தோல் துண்டை வைத்து, முனையைச் சுற்றி நாற்புறமும் தைப்பர். இழுப்பு ஒரு வரிசைத் துளைகளில் மட்டும் விழாமல் பல துளைகளுக்குப் பங்கிடப்படுகிறது.

இத்துணை அறிவும் பொறுமையும் வேண்டும் தொழிலைச் செய்தோரைச் சமுதாயம் நெடுங்காலம் விலக்கி வைத்தது. அவர் தைத்த செருப்பை அணிந்து, அவர் தைத்த பையில் பொருளைச் சுமந்தவர்களே, அவரைத் தொடுதல் ஆகாது என்றனர். இதனினும் நன்றி மறந்த செயல் வேறில்லை. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் 1910-இல் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்தபோது, அவர் நண்பர் காலன்பாக் ஒரு கிறித்தவத் துறவியர் மடத்துக்குச் சென்று காலணி தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தியடிகள் அத்தொழிலைக் கற்றுப் பிறருக்கும் கற்பித்தார். தம்மைச் சிறையிட்ட ஆட்சியின் தலைவர்களுள் ஒருவரான ஸ்மட்ஸ் என்பாருக்கு அவர் தம் கையால் தைத்த காலணி இணையொன்றை அளித்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல்லாண்டுகள் போற்றி வைத்திருந்து, 1939-இல் காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி நட்புக்கு அடையாளமாகத் திருப்பி அனுப்பினார். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் கொடுமையைத் தடுக்கும். தொழிலாளிக்கு உரிய மதிப்பை அளிக்க வேண்டியது மக்களின் மனமே.

அம்மதிப்பைச் சொல்லால் மட்டும் காட்டுதல் போதாது. பை வாங்குவோர் பெரும்பாலும் நிறத்தையும் பளபளப்பையும் நோக்குவர். அவற்றோடு கைப்பிடியை வளைத்துப் பார்த்து, உட்புறத் தையல் ஒழுங்காக இருக்கிறதா, முனைகள் பல துளைகளால் பிணைக்கப்பட்டுள்ளனவா என்று நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குவோர் மிகுந்தால் நல்ல வேலைக்கு நல்ல விலை கிடைக்கும். ஒரு நூல் அறுந்தது கண்டவுடனே பையைத் தைப்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அவர் கேட்கும் சிறு கூலியைக் குறைக்கப் பேரம் பேசுவோர், அவர் தைத்த பிடியை நம்பியே மறுநாள் வண்டியேறுகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.